வாசற்படியிலிருந்து அறிக்கை வரை: குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகவோ புறத்தொடர்புப் பணியாளராகவோ சேருகிறவர்களுக்குச் சட்டப் புத்தகமும் ஒரு கட்டுப் படிவங்களும் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் போய் நின்று எப்படிப் பேச்சைத் தொடங்குவது, திரும்பி வந்து எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் அநேகமாக அந்த வீட்டைப் பார்க்கப் போவதில்லை. அவர்கள் பார்ப்பது குழந்தையையும், உங்கள் அறிக்கையையும் மட்டுமே. பெற்றோரிடமே இருக்க வேண்டுமா, பாட்டி வீட்டுக்குப் போக வேண்டுமா, குழந்தைகள் இல்லத்தில் சேர வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் அந்தச் சில பக்கங்களைச் சார்ந்தே எடுக்கப்படுகிறது. எனவே பின்னால் எழுதப்போகும் அறிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டே களத்துக்குப் போவது நல்லது.

அழைப்பு வந்தவுடன்

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வரும் தகவல் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். ஒரு தெருப் பெயர், ஒரு அடையாளம், "பிள்ளையைப் போட்டு அடிக்கிறாங்க" என்பது போன்ற ஒரு வாக்கியம், அவ்வளவே. அந்த இரண்டு வரியை உண்மை என்றும் நம்பிவிடக் கூடாது, பக்கத்து வீட்டுச் சண்டையில் கிளம்பிய பொய் என்றும் தள்ளிவிடக் கூடாது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது இன்றே போக வேண்டியதா என்பதுதான். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தாலும், பாலியல் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்டாலும், குழந்தைத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றாலும் அதே நாளில், தேவைப்பட்டால் அதே மணியில் கிளம்ப வேண்டும். மற்றவற்றில் அரை நாள் முன்தயாரிப்புக்குச் செலவழிப்பது வீணாகாது.

அந்த அரை நாளில் பேச வேண்டியவர்கள் இருவர்: பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர். தலைமை ஆசிரியரிடம் குழந்தையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) வாங்கிக்கொண்டால், அது எந்தெந்தப் பள்ளியில் படித்தது, எப்போது இடையில் நின்றது என்பது தெரிந்துவிடும். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும்போது எத்தனை நாள் வரவில்லை என்ற கூட்டுத்தொகையோடு நிறுத்திவிடாமல், எந்தக் கிழமைகளில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் தொடர்ந்து வராத குழந்தை இருந்தால், சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டாக வேண்டும். இந்த உரையாடல்களில் குழந்தையின் பெயரை அளவோடு பயன்படுத்துங்கள். ஆசிரியர் ஓய்வறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படும் கேள்வி மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தகவல் சொன்னவரின் பெயரும் எண்ணும் கோப்பின் வெளிப்பக்கத்தில் இருக்கவே கூடாது. வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "யாரு சொன்னாங்க?" என்பதாகத்தான் இருக்கும். "எங்களுக்குத் தகவல் வந்தது, வந்திருக்கிறோம், யார் சொன்னது என்பதை நாங்கள் சொல்ல முடியாதும்மா" என்ற ஒரே பதிலை, எத்தனை முறை கேட்டாலும் அதே குரலில் சொல்லுங்கள். சொல்லும்போது எதிர்வீட்டுப் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வை போகும் திசையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டுக்குள்

அரசு முத்திரை போட்ட வாகனத்தை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதைப் போன்ற தவறு வேறில்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கூடவே ஒரு பெண் பணியாளர் இருக்கட்டும். காவலர் வர வேண்டிய சூழல் என்றால் சீருடை இல்லாமல் வரச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தைப் பகல் பதினோரு மணிக்குத் தேடிப் போனால் பூட்டிய கதவுதான் கிடைக்கும். காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்குப் பின்போ போனால்தான் அந்த வீடு இயங்குகிற விதம் தெரியும்.

பூட்டிய கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், வெளிப்பக்கம் பூட்டிய வீட்டுக்குள் இரண்டு சிறுவர்கள் தனியாக இருப்பதாக வந்த தகவலின் பேரில் ஒரு மாலை போனேன். தகவல் உண்மைதான், ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பெரியவன் என்னோடு பேசினான். அலுவலகத்துக்குத் திரும்பி, "தாய் பொறுப்பற்ற முறையில் குழந்தைகளை அடைத்துவைத்துவிட்டுச் செல்கிறார்" என்று வரைவு எழுதிவிட்டேன். மறுநாள் காலை மீண்டும் போனபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்க்க முடிந்தது. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் ஒருவன் அந்த வரிசை வீடுகளில் இருந்ததால் பூட்டிவிட்டுப் போவதாகச் சொன்னார். பிள்ளைகளின் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, வீட்டுப்பாடம் முந்தின நாள் தேதி வரை எழுதப்பட்டிருந்தது. தீப்பிடித்தால் அந்தப் பூட்டு பிள்ளைகளின் உயிருக்கு எமன் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்குத் தீர்வு பிள்ளைகளைப் பிரிப்பது அல்ல. பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரச் சொல்லி ஆலையில் பேசுவதும், இரவில் வந்து படுக்க ஒரு உறவினரைத் தேடுவதும்தான். முதல் வரைவு அப்படியே குழுவின் முன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று இரவு தூங்கவில்லை.

வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. ஓலைக் கூரையும் ஒற்றை அறையும் கிழிந்த சட்டையும் உங்கள் அறிக்கையில் குற்றச்சாட்டாக மாறிவிடக் கூடாது. அதே சமயம், டைல்ஸ் போட்ட வீடு என்பதற்காக விசாரணையைச் சுருக்கிக்கொள்ளவும் கூடாது. கவனிக்க வேண்டியவை சிறியவை: நோட்டுப் புத்தகத்தில் கடைசியாக எழுதிய தேதி, குழந்தைக்கு என்று தனியாக இருக்கும் போர்வையோ பாயோ, ஆறாத புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறார்களா என்பது, கேள்வி கேட்டதும் பதில் சொல்லும் முன் குழந்தை யார் முகத்தைப் பார்க்கிறது என்பது. சமையலறைப் பாத்திரத்தைத் திறந்து பார்க்காதீர்கள். அந்த அவமானத்தை எந்தத் தாயும் மறக்க மாட்டார். "என்ன கண்ணு சாப்பிட்ட?" என்று கேட்டால் போதும். காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கிய பிறகு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள் என்பதால், வேலை நாளில் கேட்பதைக் காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டது என்று கேட்பதில்தான் வீட்டின் நிலை தெரியும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். எந்தச் சாதி வீடு என்று பார்த்துத் தயங்குகிறவர் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

குழந்தையிடம் பேசுதல்

குழந்தையைத் தனியாகச் சந்திக்க வேண்டும். ஆனால் தாய்க்கோ அது நம்பும் ஒருவருக்கோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சந்திக்க வேண்டும். திண்ணை, வேப்பமரத்தடி, பள்ளி வராந்தா எதுவும் பொருந்தும். நின்றுகொண்டு பேசாமல் குழந்தையின் உயரத்துக்கு உட்காருங்கள். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். முடிந்த பத்து நிமிடத்துக்குள் வண்டியில் உட்கார்ந்து, குழந்தை சொன்ன சொல்லையே, அதன் பேச்சுவழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்பா உன்ன அடிச்சாரா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வரும், அதையும் நீங்களே குழந்தையின் வாயில் போட்டதாகப் பின்னால் வாதிடுவார்கள். "கையில என்னாச்சு?", "அப்புறம்?", "அப்ப யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்கும் பொறுமைதான் பழகிக்கொள்ளக் கடினமானது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் நீங்கள் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். "உனக்கு உதவி செய்ய வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதே உண்மையான வாக்கு.

பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகக் குழந்தை சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொள்ளுங்கள், நம்புவதாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் துருவாதீர்கள். விவரமான வாக்குமூலம் வாங்குவது உங்கள் வேலை இல்லை; ஒரே கதையை நான்கு பேரிடம் சொல்ல வைப்பது குழந்தைக்குச் செய்யும் இன்னொரு கொடுமை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தகவல் அறிந்த எவரும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "குடும்ப மானம் போயிடும், நாங்களே பேசி முடிச்சுக்கறோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் உங்களைச் சூழ்ந்துகொள்ளும்போது, இதில் எனக்கு விருப்ப உரிமை எதுவும் இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பிரிவு கைகொடுக்கும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதையும் 24-ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் இதைப் பணிவாக, ஆனால் பிரிவு எண்ணோடு எடுத்துச் சொல்லுங்கள்.

அழைத்து வருவதா, விட்டு வருவதா

இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. வீட்டிலேயே பாதுகாப்பை உண்டாக்க முடியுமா, ஆபத்துக்குக் காரணமானவரை வெளியேற்ற முடியுமா, தாய்மாமன், பாட்டி, அத்தை என்று பொறுப்பேற்க யாராவது இருக்கிறார்களா என்று வரிசையாகப் பார்த்த பிறகே இல்லத்தை நினைக்க வேண்டும். அழைத்து வந்தே ஆக வேண்டும் என்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு அமர்வு இல்லாத நேரத்தில் ஓர் உறுப்பினர் முன்பாகவும் நிறுத்தலாம். எனவே உறுப்பினர்களின் கைப்பேசி எண்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாகத் தங்கவைக்கும் வரவேற்பு இல்லத்துக்குப் போகும் குழந்தையின் பையில் ஆதார் நகலும் பள்ளிச் சான்றும் இருப்பதை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள். அது தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் துண்டுத் துணியையோ உடைந்த பொம்மையையோ எடுத்து வைக்க நினைப்பவர் குறைவு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருமணத்தை நிறுத்தப் போகும்போது நிலைமை வேறு மாதிரி இருக்கும். முகூர்த்த நாட்களை ஒட்டி இந்த அழைப்புகள் வரும். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்று அழுவார்கள், ஆதார் அட்டையைக் காட்டிப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்பார்கள். வயதை முடிவு செய்ய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு சொல்லும் வரிசையில் முதலில் வருவது பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; எழுதிக் கொடுத்த வீட்டார் அன்றிரவே வேறு ஊர்க் கோயிலில் தாலி கட்டிவிட்ட கதைகள் இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். குழந்தைத் திருமணத் தடை அலுவலரான மாவட்டச் சமூக நல அலுவலர் மூலம் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்குவதே உறுதியான வழி, ஏனெனில் அந்தத் தடையை மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

அறிக்கை எழுதுதல்

இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் சமூக விசாரணை அறிக்கைக்கான படிவம் 22-ஆம் எண்ணில் இருக்கிறது. விசாரணையை 15 நாட்களில் முடிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் கட்டங்களை ஆம், இல்லை என்று நிரப்பிக் கொடுத்துவிடுவது எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பழைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி, "குடும்பச் சூழல் சரியில்லை, குழந்தையை இல்லத்தில் சேர்க்கலாம்" என்ற அதே முடிவோடு அனுப்பப்படும் அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையில் வரும் ஒவ்வொரு செய்தியும் நீங்கள் பார்த்ததா, யாரோ சொன்னதா, நீங்கள் ஊகித்ததா என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். "தந்தை குடிகாரர், தாய்க்கு அக்கறை இல்லை" என்பது தீர்ப்பு. அதையே இப்படி எழுதலாம்: "மாலை 5.40 மணிக்குச் சென்றபோது தந்தை வீட்டில் இல்லை. அவர் வாரத்தில் நான்கு நாட்கள் குடித்துவிட்டு வருவதாகத் தாய் கூறினார். 'சனிக்கிழமன்னா நான் ஆயா வீட்டுக்குப் போயிருவேன்' என்று குழந்தை கூறினான். அவனது இடது முழங்கைக்குக் கீழ் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள ஆறிய தழும்பு இருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்ததாகத் தாயும், தெரியவில்லை என்று குழந்தையும் கூறினர்." இதில் எங்கும் நீங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் குழு உறுப்பினர் அந்த ஆயாவை அழைத்துப் பேச வேண்டும் என்று தாமே முடிவு செய்வார். முரண்பட்ட பதில்களைச் சமன் செய்து ஒன்றாக்கிவிடாதீர்கள். முரண் இருக்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

குடும்பத்தின் பலத்துக்கும் அதே அளவு இடம் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் கொண்டுபோய் விடும் மாமா, பசித்தால் குழந்தை தயங்காமல் போய் உட்காரும் பக்கத்து வீடு, குழந்தையின் மேல் பிரியம் வைத்திருக்கும் ஆசிரியை என எல்லாமே பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்புகள். பரிந்துரை எழுதும் இடத்தில் பணத்தால் தீரும் சிக்கலைப் பணத்தால் தீர்க்கச் சொல்லுங்கள். கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாய், உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற குழந்தை, கொடிய நோயில் விழுந்த பெற்றோர் ஆகிய நிலைகளில் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியிருக்கிறது. அதற்கான ஆண்டு வருமான வரம்பு ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். இந்தத் தொகை முன்பே கிடைத்திருந்தால் இல்லத்துக்கே வந்திருக்க வேண்டாத பிள்ளைகள் பலர். வருமானச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் தாயோடு நீங்களும் ஒருமுறை போய் வந்தால், அவர் மூன்று நாள் கூலியை இழப்பது மிச்சமாகும்.

வீட்டில் இருக்கும் முதியவர்

நீங்கள் குழந்தைக்காகப் போன வீட்டில், திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும் பாட்டி உங்கள் கோப்பில் இல்லாதவர். ஆனாலும் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவரே பல வீடுகளில் அவர்தான். அவருக்குச் சோறு கிடைக்காவிட்டால் குழந்தைக்கும் கிடைக்காது. நம்மிடம் முதியோருக்கென்று இதே போன்ற தனி அலகு இல்லை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ஐயும் தெரிந்துவைத்திருந்தால் பாதி உதவி செய்துவிடலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவரே மனுக் கொடுக்கலாம், முடியாதபோது அவர் அதிகாரம் அளிக்கும் வேறொருவரோ அமைப்போ கொடுக்கலாம். பராமரிப்புத் தொகைக்கான மனு 90 நாட்களில் முடிக்கப்பட வேண்டும். "வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டேன், இப்ப வெளிய போகச் சொல்றான்" என்று ஒரு பாட்டி சொன்னால், பத்திர நகலை வாங்கிப் பாருங்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது மீறப்பட்டிருந்தால், 23-ஆம் பிரிவின்கீழ் அந்த ஆவணத்தை ரத்து செய்யக் கேட்க முடியும். மகனை எதிர்த்து மனுவில் கைநாட்டு வைக்கப் பல தாய்மார்கள் மறுத்துவிடுவார்கள். வற்புறுத்தாதீர்கள், முதியவர் சுயநினைவோடு எடுக்கும் முடிவு அவருடையது. குழந்தைக்காகப் பேசிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு எளிதில் மறந்துபோகும்.

கோப்பும் கைப்பேசியும்

குழந்தையின் பெயர், பள்ளி, முகம் ஆகிய எதையும் ஊடகங்களில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதச் சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் அபராதம் வரை போகக்கூடிய குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீட்கப்பட்ட குழந்தையோடு எடுத்த படம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. அங்கிருந்து அது உள்ளூர்ச் செய்தியாளர் கைக்குப் போக ஒரு மணி நேரம் போதும். காயத்தைப் படம் எடுக்க வேண்டியிருந்தால் முகம் விழாமல் எடுத்து, கோப்பில் சேர்த்ததும் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.

நம்மில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். அடுத்த ஆண்டு இந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கோப்பின் உள்ளட்டையிலும் ஒரு தாள் ஒட்டி, அடுத்து எந்தத் தேதியில் போக வேண்டும், அந்த வீட்டில் யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த உறவினருக்குப் போன் செய்தால் எடுப்பார், குழந்தைக்குக் கொடுத்த வாக்குகளில் இன்னும் நிறைவேறாதது எது என்று நான்கு வரி எழுதிவையுங்கள். "பள்ளிச் சீருடை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தரவில்லை" என்று அப்படி ஒரு தாளில் முன்பிருந்தவர் எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டு, சீருடையோடு ஒரு வீட்டுக்குப் போனேன். ஏழாம் வகுப்புச் சிறுமி அதை வாங்கி அளவு பார்த்துவிட்டு, "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.